மானுக்கு எந்த ஃபீடர்: சுழலா, சரிவா, கம்பிக் கூண்டா?

தாழ்வாரம்
இந்த மன்றத்தில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸ் ஹில் கன்ட்ரி பக்கம் பன்னிரண்டு ஏக்கர் வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். ஓக் மரமும் சீடர் மரமும் கலந்த மேடு பள்ளமான நிலம். விடியற்காலையில் வெள்ளைவால் மான்கள் வேலி ஓரமாகப் போகின்றன, ஆனால் நிற்பதில்லை. வேட்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. காபியோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நாலு நல்ல படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மானுக்குத் தீவனம் வைக்கும் ஃபீடர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் மூன்று கால் வைத்த பீப்பாய், மரத்தில் கட்டும் குழாய், தரையில் வைக்கும் தொட்டி, ஆள் உயரக் கம்பிக் கூண்டு என்று தலை சுற்றுகிறது. கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதைக் காட்டுகிறார். எதை வாங்கலாம்?

மெஸ்கீட்
எந்த ஃபீடர் என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. என்ன தீவனம் போடப் போகிறீர்கள், மானைத் தவிர வேறு யாரெல்லாம் தின்ன வருவார்கள், எவ்வளவு அடிக்கடி போய்ப் பார்க்க உங்களால் முடியும்? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால் ஃபீடர் தானாக முடிவாகிவிடும்.

முழு மக்காச்சோளம் என்றால் சுழல் ஃபீடர். மேலே பீப்பாய், அடியில் புனல், புனல் வாய்க்குக் கீழே ஒரு தட்டு, தட்டைச் சுற்ற மோட்டார், மோட்டாரை எழுப்ப டைமர். குறித்த நேரத்தில் சில நொடி சுற்றும். சோளம் நாலாபுறமும் எட்டுப் பத்து மீட்டர் தெறிக்கும். எவ்வளவு விழ வேண்டும் என்பது உங்கள் கையில்.

குச்சித் தீவனம், அதாவது பெல்லட் என்றால் சரிவு ஃபீடர். மோட்டார் கிடையாது, டைமர் கிடையாது. கீழே இருக்கும் குழாய் வாய்களில் தின்னத் தின்ன மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். மானின் உடம்பும் கொம்பும் தேற வேண்டும் என்று வருடம் முழுக்கப் புரதம் கொடுக்கும் பண்ணைக்காரர்கள் இதைத்தான் வைப்பார்கள். சோளத்தில் புரதம் எட்டு, ஒன்பது சதவீதம்தான். பெல்லட்டில் 16 முதல் 20 வரை இருக்கும்.

உங்களுக்குச் சரிவு ஃபீடர் வேண்டாம் என்பேன். காரணம் செலவு இல்லை. தீவனம் எந்நேரமும் இருக்கிறது என்று தெரிந்தால் மான் தனக்கு வசதியான நேரத்தில் வரும். அதற்கு வசதியான நேரம் பெரும்பாலும் நடுராத்திரி. உங்கள் காபி நேரத்துக்கு வர வேண்டுமானால் அந்த நேரத்தில்தான் சோளம் விழ வேண்டும்.

தாழ்வாரம்
இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை, நன்றி. மோட்டார் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிடாதா?

மெஸ்கீட்
முதலில் ஓடும். சத்தம் வந்தால் சோறு வரும் என்று புரிந்த பிறகு சத்தத்துக்கே வரும். புதிதாக எந்தப் பொருளை வைத்தாலும் மான் கொஞ்ச நாள் தூரத்தில் நின்று மோப்பம் பிடிக்கும். அதனால் ஃபீடரை வைத்த வாரத்திலேயே "ஒன்றும் வரவில்லை" என்று இடம் மாற்றாதீர்கள். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அதற்கு அது புதுப் பொருள்தான்.

பழைய பேட்டரி
சுழல் என்று முடிவானால் வாங்குவதற்கு முன் கடையிலேயே பார்க்க வேண்டியது சில உண்டு.

பீப்பாயைக் குனிந்து அடியில் பாருங்கள். தட்டையான அடியில் வெறும் ஓட்டை மட்டும் போட்டிருந்தால் வேண்டாம். ஓரத்தில் சுற்றிலும் சோளம் தேங்கும், அது இறங்கவே இறங்காது. மேலே புதிதாகக் கொட்டிக்கொண்டே இருப்பீர்கள், அடியில் பழையது பூசணம் பிடித்து உட்கார்ந்திருக்கும். நல்ல செங்குத்தான சரிவுள்ள புனல் உள்ளே இருக்க வேண்டும்.

அடுத்து புனல் வாய்க்கும் சுழல் தட்டுக்கும் உள்ள இடைவெளி. அது திருகி ஏற்றி இறக்கும்படி இருக்க வேண்டும். ரொம்ப நெருக்கமாக இருந்தால் ஒரு சோளம் குறுக்கே மாட்டி மோட்டார் நின்றுவிடும். ரொம்ப அகலமாக இருந்தால் காற்றடித்தாலே கொட்டும். அகலமான இடைவெளியில் இன்னொரு சிக்கல் ரக்கூன் என்ற சின்னக் காட்டு விலங்கு. அது ஃபீடரின் கால் வழியாக ஏறி, ஒரு கையால் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டைச் சுற்றிச் சுற்றித் தின்னும். ட்ரெயில் கேமராவில் (காட்டில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமரா) பார்த்தால் சிரிப்பு வரும், மறுநாள் காலிப் பீப்பாயைப் பார்த்தால் வராது. தட்டைச் சுற்றிக் கம்பிக் கூடு உள்ளதாக வாங்குங்கள். சோளம் இடைவெளியில் தெறித்து வெளியே போகும், கை உள்ளே போகாது.

பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். 12 வோல்ட்டில் தட்டு வேகமாகச் சுற்றும், தூரம் அதிகம், மாட்டிய சோளத்தைத் தள்ளிவிடும் தெம்பும் உண்டு. 6 வோல்ட் மோட்டாரில் 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். சூரியத் தகடு இருந்தால் தெற்கு பார்த்து, மர நிழல் விழாத இடத்தில். மரத்தில் தொங்கவிடும் ஃபீடருக்குச் சூரியத் தகடு வாங்கி, இலைக்கு அடியில் மாட்டிவைப்பவர்கள் எத்தனையோ பேர்.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நம் பக்கத்து நெருப்பு எறும்புக்கு மின்சாரச் சாமான் என்றால் ஒரு மோகம், உள்ளே போய்க் கூடு கட்டும். வயர் வெளியே தொங்கினால் அணில் கடிக்கும்.

தாழ்வாரம்
200 லிட்டர் பீப்பாய் வாங்கினால் அடிக்கடி நிரப்ப வேண்டியதில்லை என்கிறார்கள். சரிதானே?

பழைய பேட்டரி
கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டரில் சுமார் 150 கிலோ சோளம் பிடிக்கும், 50 பவுண்டு மூட்டையில் ஆறரை மூட்டை. காலையும் மாலையும் ஒவ்வொரு கிலோ விழவிட்டால் இரண்டரை மாதம் வரும். வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிற உங்களுக்கு எதற்கு அது? தூரத்தில் குத்தகை நிலம் வைத்து மாதம் ஒரு தடவை போகிறவர்களுக்குப் பெரிய பீப்பாய். உங்களுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஏணி போட்டு மூட்டை தூக்குவதும் மிச்சம்.

அசைபோடி
கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், சின்னப் பீப்பாய்தான் நல்லது. டெக்சஸ் வெயிலிலும் ஈரக்காற்றிலும் இரண்டு மாதம் கிடக்கும் சோளத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும், அது அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் எப்போதும் சொல்லிக்கொடுக்காது. மான் ஓரளவு தாங்கும். கூடவே பொறுக்க வரும் காடைக்கும் வான்கோழிக்கும் பாட்டுக் குருவிகளுக்கும் அது ஈரலைக் கெடுக்கும். மூட்டை வாங்கும்போது அஃப்லடாக்சின் 20 பிபிபிக்கு (நூறு கோடியில் 20 பங்கு) கீழே என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். "மான் சோளம்" என்று மட்டும் போட்டு மலிவாக விற்பது, மற்ற இடத்தில் தள்ளுபடியான சரக்காகக்கூட இருக்கலாம்.

தீவனத்தைவிட முக்கியம் பழக்கம். மான் நம் ஆடு மாடு போலவே அசைபோடும் பிராணி. முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதற்காகச் செரிக்கின்றன. இலையும் கொழுந்தும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று மாவுச்சத்து நிறைந்த சோளம் நிறைய இறங்கினால், அமிலம் ஏறி வயிறே ஸ்தம்பித்துவிடும். வயிறு நிறையச் சோளத்தோடு செத்துக் கிடக்கும் மான்களை வடக்கே கடும் குளிர்காலங்களில் பார்த்திருக்கிறார்கள். இரக்கப்பட்டு ஒரே நாளில் மூட்டையைக் கொட்டியதால் வருவது அது. புதிய தீவனத்துக்கு அந்த நுண்ணுயிர்கள் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எனவே கைப்பிடி அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். நிறுத்தும்போதும் படிப்படியாக.

இந்தக் காரணத்துக்காகவே சுழல் ஃபீடர் எனக்குப் பிடிக்கும். பத்து மான் வந்தாலும் சிதறிக் கிடக்கும் ஒரு கிலோவைத்தான் பொறுக்க முடியும். தொட்டியில் கொட்டி வைத்தால் பலசாலி ஒன்று மட்டும் நின்று வயிறு முட்டத் தின்னும்.

தாழ்வாரம்
டாக்டர், வீட்டில் மாமனார் இருக்கிறார். மிஞ்சும் ரொட்டி, சோறு எல்லாம் போடலாமே, வாயில்லா ஜீவன்தானே என்கிறார்.

அசைபோடி
மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், வேண்டாம். ரொட்டியும் சோறும் சோளத்தைவிட வேகமாகப் புளிக்கும். கையால் ஊட்டவே கூடாது. மனிதப் பயம் போன கிடா மான், இணைசேரும் பருவத்தில் கொம்பைக் காட்டிக்கொண்டு ஆள்மேல் பாயும். மாமாவுக்குத் தோட்ட வேலை பிடிக்கும் என்றால் நம் மன்றத்து ஓக்கு நிழல் வந்து எழுதட்டும், அவரிடம் யோசனை இருக்கும்.

வடக்கத்தி
நான் மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே ஃபீடர் வாங்குவது பற்றிப் பேசினாலே அக்கம்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் 1990களின் நடுவிலிருந்து மான்களில் மாட்டுக் காசநோய் பரவியது. மலைமலையாக உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் கேரட்டும் கொட்டி, மான்கள் மூக்கோடு மூக்கு வைத்துத் தின்றது அதற்கு ஒரு பெரிய காரணம். அப்புறம் மெலிவு நோய் வந்தது. 2019 ஜனவரி 31 முதல் கீழ்த் தீபகற்பம் முழுவதும் தீவனம் வைக்கத் தடை. நியூயார்க்கிலும் தடைதான், கொலராடோவிலும் தடைதான். டெக்சஸில் சொந்த நிலத்தில் அனுமதி உண்டு என்றாலும், ஊராட்சி விதியையும் குடியிருப்போர் சங்க விதியையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். சில ஊர்களில் ஊர் எல்லைக்குள் மானுக்குத் தீவனம் வைத்தால் அபராதம்.

ஆதண்டை
மெலிவு நோய் என்றால்?

அசைபோடி
சி.டபிள்யூ.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1967இல் கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் ஆராய்ச்சி மையத்தில் அடைத்து வைத்திருந்த மான்களில் முதலில் கவனித்தார்கள். பிரியான் என்ற உருக்குலைந்த புரதம் மூளையைக் கெடுக்கும். மான் மெலிந்து, எச்சில் ஒழுகி, தலை தொங்கி, கடைசியில் செத்துவிடும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. டெக்சஸில் 2012இல் மேற்குக் கோடியில் ஹுவேகோ மலையில், மியூல் என்ற வேறு வகை மான்களிடம் தெரிந்தது. 2015இல் மெடினா மாவட்டத்தில் ஒரு மான் வளர்ப்புப் பண்ணையில், வெள்ளைவால் மானிடம்.

ஃபீடர் விஷயத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், அந்தப் புரதம் எச்சில், சிறுநீர், சாணம் எல்லாவற்றிலும் வெளியேறும், மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரே குழாய் வாயில் ஒவ்வொன்றாக மூக்கை நுழைக்கும் சரிவு ஃபீடரும், எல்லாம் ஒன்றாக நக்கும் தொட்டியும் ஆபத்தை ஒரே இடத்தில் குவிக்கின்றன. மான் நக்குவதற்கு வைக்கும் உப்புக்கட்டியும் அப்படித்தான். சுழல் ஃபீடர் எச்சிலைப் பிரித்துப் போடுகிறது, ஆனால் அதே வட்டத்தில்தான் சாணமும் விழுகிறது. முழுப் பாதுகாப்பான ஃபீடர் என்று ஒன்று கிடையாது. நோய் தெரிந்த இடங்களில் உங்கள் மாவட்டம் இருக்கிறதா என்று மாநில வனவிலங்குத் துறையின் வரைபடத்தில் பாருங்கள். இருந்தால் என் பதில் ஒன்றுதான்: ஃபீடர் வேண்டாம்.

தாழ்வாரம்
பார்த்துவிட்டேன், எங்கள் பகுதி அதில் இல்லை. ஊர் விதியிலும் தடை இல்லை, சங்கமும் இல்லை.

ஓக்கு நிழல்
டாக்டர் இழுத்துவிட்டதால் வருகிறேன். நான் ஃபீடருக்கு எதிரி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாழ்வாரம், இன்று மாலை நிலத்தைச் சுற்றி நடந்து மரங்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தரையிலிருந்து நாலைந்து அடி உயரம் வரை இலையே இல்லாமல், கத்திரிக்கோலால் மட்டம் வெட்டினதுபோல் ஒரு கோடு ஓடுகிறதா? அது மான் எட்டித் தின்ற உயரம். சீடரிலேயே அந்தக் கோடு விழுந்திருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம், ஏனென்றால் சீடர் மானுக்குப் பிடித்த உணவே இல்லை, பசியில் தின்பது. டெக்சஸில் அரைக் கோடிக்கு மேல் வெள்ளைவால் மான்கள், அதில் நெருக்கம் அதிகமான இடம் உங்கள் ஹில் கன்ட்ரி மேட்டுநிலம்தான். அங்கே சோளம் போட்டால் நிலம் தாங்கும் அளவுக்கு மேல் மான் சேரும். சோளம் தின்ற பிறகும் அதற்கு இலை வேண்டும். ஃபீடரைச் சுற்றியுள்ள ஓக் கன்று ஒன்றுகூட மரமாகாது.

மாற்று என்ன? தண்ணீர். தரையோடு ஒட்டிய ஆழமில்லாத ஒரு தண்ணீர்த் தொட்டி. ஜூலை, ஆகஸ்டில் அதற்கு வராத மானே இருக்காது, பறவையும் சேர்ந்து வரும், படம் எடுக்கிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? கொஞ்சம் சீடரை வெட்டி வெயில் இறங்கவிட்டால் அகன்ற இலைச் செடிகள் தானே முளைக்கும். மானுக்கு அசல் சாப்பாடு அவைதான். மாமாவுக்கும் கையில் வேலை.

மெஸ்கீட்
ஓக்கு நிழல் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். தண்ணீர் யோசனை அருமை. ஆனால் நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ சோளத்தால் மான் தொகையே பெருகிவிடும் என்பது கொஞ்சம் அதிகம். அது கவர்ச்சிக்கு, வயிற்றுக்கு இல்லை. இதற்குச் சாட்சி ஓக் மரமே. அக்டோபரில் ஓக் விதை கொட்ட ஆரம்பித்தால் ஃபீடர் பக்கம் ஒரு மான் தலைகாட்டாது. நீங்கள் ஃபீடர் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். கெடவில்லை, காட்டில் நல்ல விருந்து நடக்கிறது.

ஓக்கு நிழல்
அந்த ஒன்றிரண்டு கிலோவைப் பக்கத்து ஏழு வீட்டிலும் போடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. வயோமிங்கில் 1912இல் எல்க் மான்களுக்கென்று சரணாலயம் அமைத்துக் குளிர்காலத் தீவனம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம்தான். நூறு வருடம் கழித்தும் நிறுத்த முடியாமல் திண்டாடுகிறார்கள். நிறுத்தினால் பட்டினி, தொடர்ந்தால் நெருக்கத்தில் நோய்.

கரிசல்காளை
தாமதமாக வருகிறேன். பருத்திக்கொட்டை பற்றி ஒருவரும் எழுதவில்லையே!

தாழ்வாரம், கடையில் பார்த்த ஆள் உயரக் கம்பிக் கூண்டு அதற்குத்தான். பஞ்சு ஒட்டிய முழுப் பருத்திக்கொட்டை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். புனலில் இறங்காது, குழாயில் வராது. அதனால் கம்பிவலையை உருளையாக வளைத்து நட்டு, உள்ளே கொட்டி வைப்பார்கள். மான் வலைக் கண்ணில் முகத்தை அழுத்தி நாக்கால் இழுத்து இழுத்துத் தின்னும். மோட்டார், பேட்டரி, டைமர் ஒன்றும் வேண்டாம். புரதம் சுமார் 23 சதவீதம், கொழுப்பும் நிறைய.

இதன் பெரிய லாபம் பன்றியும் ரக்கூனும் தொடாது என்பது. பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நஞ்சு இருக்கிறது. அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பை அதைப் பெருமளவு முறித்துவிடும், மற்ற பிராணிகளால் முடியாது. நம் ஊரில் மாட்டுக்கு ஆட்டி வைத்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

அசைபோடி
கரிசல்காளை சொன்னது சரி. இரண்டு சேர்க்கிறேன். அதையே முழு உணவாக வைக்கக் கூடாது, கொழுப்பு மிகுந்தால் செரிமானம் கெடும். இணைசேரும் பருவத்துக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது, காசிபால் கிடாக்களின் விந்தைப் பாதிக்கலாம். அப்புறம் பக்கத்தில் மாடு மேய்கிற நிலமாக இருந்தால் கூண்டு ஒரே நாளில் காலி.

தாழ்வாரம்
எனக்குப் பார்க்கத்தானே வேண்டும். பருத்திக்கொட்டைக்கு நேரம் வைக்க முடியாது இல்லையா?

கரிசல்காளை
முடியாது. உங்கள் தேவைக்குச் சுழல்தான். அந்தக் கூண்டு ஏன் கடையில் நின்றது என்று தெரியாமல் இருக்கக் கூடாதே என்றுதான் எழுதினேன். இன்னொன்று, உங்கள் பகுதியில் புள்ளிமான் வருகிறதா? அச்சு அசல் நம் ஊர்ப் புள்ளிமான்தான். 1932இல் டெக்சஸுக்குக் கொண்டுவந்து பண்ணைகளில் விட்டார்கள். வேலி தாண்டி இப்போது மேட்டுநிலம் முழுக்கக் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது.

தாழ்வாரம்
வருகிறதே! மாமனார் முதல் நாள் பார்த்துவிட்டு "இது கிண்டி மாதிரி இருக்கிறதே" என்றார். அதுவும் ஃபீடருக்கு வருமா?

மெஸ்கீட்
வரும், வந்து வெள்ளைவாலைத் துரத்தும். உருவம் பெரிது, கூட்டமும் பெரிது. இலை தீர்ந்துபோனால் புல்லைத் தின்று பிழைத்துக்கொள்ளும், வெள்ளைவாலுக்குப் புல்லை வைத்து அப்படிக் காலம் தள்ள முடியாது. வறட்சியில் இரண்டும் ஒரே நிலத்தில் இருந்தால் தேய்வது வெள்ளைவால்தான். உங்கள் ஃபீடரில் புள்ளிமான் கூட்டம் நிரந்தரமாகத் தங்கிவிட்டால் அளவைக் குறையுங்கள்.

புள்ளிமானைவிட முதலில் வரப்போவது பன்றி. அதைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. காட்டுப்பன்றி முக்காலியில் முதுகைத் தேய்த்தே சாய்த்துவிடும், தரையை ஏர் உழுத மாதிரி கிளறிவிடும். கால் ஒவ்வொன்றையும் இரும்பு முளை அடித்துக் கட்டுங்கள். அதோடு ஃபீடரைச் சுற்றிப் பன்றி பேனல் (தடித்த கம்பிச் சட்டம்) வேலி போடுங்கள். 34 அங்குல உயரம், 16 அடி நீளம் என்று கிடைக்கும். மான் சாதாரணமாகத் தாண்டும், பன்றி தாண்டாது.

வட்டம் பெரிதாக இருக்க வேண்டும், எல்லோரும் சொதப்புவது இங்கேதான். நாலு பேனல் போட்டால் வட்டத்தின் குறுக்களவு இருபது அடிதான், மானுக்கு உள்ளே இறங்க மனம் வராது, தெறிக்கும் சோளத்தில் பாதி வேலிக்கு வெளியே பன்றிக்கே போய் விழும். எட்டுப் பேனல் என்றால் சுமார் நாற்பது அடி. ஃபீடரைத் தாழ்வாகவும் வைத்தால் சோளம் வட்டத்துக்குள் விழும். கோடையில் குட்டிகளால் தாண்ட முடியாது, தாய் உள்ளே தின்னும்போது அவை வெளியே நிற்கும். அதற்காகச் சிலர் ஜூன் ஜூலையில் ஒரு பேனலைக் கழற்றுவார்கள், நான் கழற்ற மாட்டேன். பன்றி ஒரு தடவை உள்ளே ருசி பார்த்துவிட்டால் பிறகு வேலியை மூக்கால் தூக்கப் பழகிக்கொள்ளும்.

பழைய பேட்டரி
மெஸ்கீட் சொன்ன தாழ்வான ஃபீடருக்கு ஒரு எச்சரிக்கை. தட்டு மானின் முகத்துக்கு எட்டினால் மானே நாக்கால் தட்டைத் திருப்பும். கம்பிக் கூடு இருந்தால் கவலையில்லை.

ஆதண்டை
உண்ணி பற்றிக் கேட்க வேண்டும். மான் சேர்ந்தால் உண்ணியும் சேருமே? வீட்டில் நாய் இருக்கிறது.

அசைபோடி
சேரும். அதனால்தான் வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இதற்கென்றே ஒரு ஃபீடர் இருக்கிறது, உங்கள் பக்கத்துக் கெர்வில் ஊரில் விவசாயத் துறை ஆய்வகத்தில் உருவானது. நடுவில் சோளத் தொட்டி, இரு பக்கமும் தின்னும் வாய், வாயின் ஓரங்களில் உண்ணிக்கொல்லி நனைத்த நான்கு உருளைகள். மான் தலையை நுழைத்தால் காதிலும் கழுத்திலும் பெர்மெத்ரின் என்ற அந்த மருந்து தடவப்படும், உண்ணி அதிகம் ஒட்டுவதும் அங்கேதான். ஆனால் இது தனிவீட்டுக்கு இல்லை. மருந்து கையாள அனுமதி, வாராவாரப் பராமரிப்பு என்று பெரிய வேலை. எச்சில் நெருக்கமும் தொட்டி மாதிரியேதான். நாய்க்கு மாத்திரை கொடுங்கள், போதும்.

தாழ்வாரம்
எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: சின்னப் பீப்பாய், 12 வோல்ட், கம்பிக் கூடு உள்ள சுழல் ஃபீடர். எட்டுப் பன்றி பேனல். கூடவே ஓக்கு நிழல் சொன்ன தண்ணீர்த் தொட்டி, அது மாமனார் பொறுப்பு. இப்போது எங்கே வைப்பது, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி?

மெஸ்கீட்
ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு. ஃபீடருக்கு வர மான் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் அந்த இடமே வேண்டாம், மான் சாவதோடு கார்க்காரரும் அடிபடுவார். வீட்டிலிருந்து அறுபது எழுபது மீட்டர் சரியாக இருக்கும். ஒரு பக்கமாவது புதர் மறைவு வேண்டும். சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால் பகலில் வராது. காலை வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி பாருங்கள், படத்துக்கு நல்லது. தாழ்வாரம் கிழக்கே பார்த்திருந்தால் மாலை நேரத்தை நம்பிக்கொள்ளுங்கள்.

நேரம், சூரிய உதயத்துக்குக் கால் மணி கழித்து. இருட்டில் விழவிட்டால் இருட்டிலேயே தின்று போய்விடும். நம் பக்கம் ஜூனில் ஆறரைக்கும் டிசம்பர் கடைசியில் ஏழரைக்கு ஒட்டியும் உதயம் மாறுவதால், வெளிச்சத்தை உணர்ந்து தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் டைமர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம். இல்லையென்றால் மாதம் ஒரு தடவை கையால் மாற்றுங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தைத் திருப்புவது நமக்குத்தான், மானுக்கு இல்லை.

பழைய பேட்டரி
நொடிக் கணக்கைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், ஒவ்வொரு மோட்டாரும் ஒவ்வொரு மாதிரி. பீப்பாயில் பாதி சோளம் போட்டு, தட்டைச் சுற்றி ஒரு பெரிய குப்பைப் பையைத் தளர்வாகக் கட்டி, ஐந்து நொடி ஓடவிடுங்கள். பையில் விழுந்ததைச் சமையலறைத் தராசில் நிறுத்தால் நொடிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதை வைத்து டாக்டர் சொன்ன மாதிரி முதல் இரண்டு மூன்று வாரம் குறைந்த அளவில் வையுங்கள்.

அசைபோடி
விழுந்தது மத்தியானமும் தரையில் கிடந்தால் அளவு அதிகம், மறுநாள் ஒரு நொடி குறையுங்கள். நனைந்து கிடக்கும் சோளத்தை அப்படியே விடாமல் வாரி எடுத்துவிடுங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை ஃபீடரைச் சில மீட்டராவது நகர்த்தினால் சாணம் ஒரே இடத்தில் சேராது.

ஓக்கு நிழல்
எட்டுப் பேனலையும் பிடுங்கி நடுவதற்கு மாமாவையும் சேர்த்து ஆள் வேண்டும். முதலில் தண்ணீர்த் தொட்டியை மட்டும் வைத்து ஒரு கோடை பாருங்களேன். மான் வந்துவிட்டால் ஃபீடர் காசு மிச்சம்.

தாழ்வாரம்
மாமனாரும் அதையேதான் சொல்கிறார். தொட்டியை இந்த வாரமே வைத்துவிடுகிறோம். ஃபீடரை உடனே வாங்கப் போவதில்லை. தொட்டியில் கொசு வராமல் இருக்க என்ன செய்வது?

ஓக்கு நிழல்
இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றுங்கள். உள்ளே ஒரு பெரிய கல்லைச் சாய்வாக வையுங்கள், விழுந்த பல்லியும் குஞ்சுப் பறவையும் ஏறி வர வேண்டும்.

கரிசல்காளை
புள்ளிமான் படம் கிடைத்தால் இங்கே போடுங்கள்.